கச்சேரியில் இருந்தவன்

நான் 37 ஆண்டுகள் கச்சேரியில் இருந்தேன். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "என்ன வாத்தியம்?" என்று ஆவலாகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம் என்று அவருக்கு விளக்கினேன். காணிக் கடிதம், ஓய்வூதியக் கோப்பு, பெயர் திருத்தம் என்று சனங்கள் காலையிலிருந்து வரிசையில் நிற்கும் இடம். திருகோணமலைக் கச்சேரியில் 1984 இல் இலிகிதராகச் சேர்ந்து, 2021 இல் 60 வயது நிரம்பி வெளியே வந்தேன். நண்பர் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

ஆனால் அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆர்மோனியம், வயலின், கொஞ்சம் புல்லாங்குழல், அதைவிடக் கொஞ்சமாக மிருதங்கம். எதை எடுத்துக்கொண்டும் மேடை ஏறியதில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. வித்துவான் என்று என்னைச் சொன்னால் வித்துவான்கள் சிரிப்பார்கள். வெறும் ரசிகன் என்று சொல்லிவிட்டுப் போகலாமென்றால், இடது கை விரல் நுனிகளில் காய்த்துப்போன தோல் அதற்கு ஒத்துக்கொள்ளாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஆளுக்குத் தமிழில் ஒரு மரியாதையான பெயர் இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. மரியாதை இல்லாத பெயர் ஒன்றை ஊர் வைத்திருக்கிறது: அரைகுறை.

அந்த அரைகுறையின் கதைதான் இது.

எங்கள் ஊரில் வாத்தியம் வைத்திருப்பது மாடு வளர்ப்பதைப் போன்றது. ஒருநாள்கூடப் பார்க்காமல் விட முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் அல்லது குடா. உப்புக் காற்று கம்பியைத் தின்னும். வயலினைத் துடைக்காமல் ஒரு வாரம் விட்டுவிட்டு எடுத்தால் விரலில் செம்மண் நிறம் ஒட்டிக்கொள்ளும். வைகாசி பிறந்து கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசத் தொடங்கினால் மரமெல்லாம் சுருங்கும். நடுச்சாமத்தில், கம்பியை முறுக்கிப் பிடிக்கும் பிருடை தானாகக் கழன்று கம்பி தொய்கிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். மிருதங்கத்தின் தோல் அந்த நாட்களில் இறுகிச் சுருதி மேலே ஏறி நிற்கும். ஐப்பசியில் வாடை திரும்பி மழை பிடித்ததும் எல்லாம் தலைகீழாகும். தோல் தளர்ந்து சோர்ந்துவிடும். பிருடை ஊதிப்போய் அசைய மறுக்கும். மழை வரப்போகிறதா என்று வானொலியைக் கேட்பதை நான் நிறுத்திப் பல காலமாகிறது. (கச்சான் என்றதும் வறுத்த கடலை நினைவுக்கு வந்தவர்கள் எங்கள் நாட்டு ஆட்கள். கச்சேரியைப் போலவே கச்சானுக்கும் எங்களிடம் இரண்டு பொருள்.)

என் முதல் வாத்தியம் சேமக்கலம். சிரிக்க வேண்டாம், அதுவும் வாத்தியம்தான். மார்கழியில் திருவெம்பாவை நடக்கும் பத்து நாளும் விடியுமுன் எங்கள் ஒழுங்கையால் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போகும். ஒருவர் சங்கு ஊதுவார், ஒருவர் சேமக்கலம் அடிப்பார், மற்றவர்கள் பாடுவார்கள். 1969 இல், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சேமக்கலம் தூக்குகிற அண்ணைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கையில் எதுவும் இல்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்த என்னிடம் அதைத் தந்தார்கள். கயிற்றில் தொங்கும் வெண்கலத் தட்டு. எட்டு வயதுக் கைக்கு அது பாரம். மரச் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தேன். ஒழுங்கை முழுக்க நாய்கள் எழுந்தன. சங்கு ஊதிய பெரியவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, அது முதலில் ஓயட்டும். ஓய்ந்த பிறகு அடி" என்றார்.

காத்திருந்து பார்த்தேன். தட்டு ஒரே ஓசையில் நிற்கவில்லை. முதலில் ஒரு கத்தல், பிறகு ஒரு முனகல், அதற்கும் பிறகு காதால் கேட்பதா கையால் உணர்வதா என்று தெரியாத ஒரு நடுக்கம், கயிறு வழியாக விரலுக்கு இறங்கியது. பிற்காலத்தில் மூன்று ஆசிரியர்களுக்குக் காசு கொடுத்து நான் கேட்டுக்கொண்டதும் ஏறக்குறைய அந்தப் பெரியவர் சொன்னதைத்தான்.

ஆர்மோனியம் வந்தது 1974 இல். அம்மாவின் மாமா கோவில் கூட்டுப் பிரார்த்தனைக்கு வாசித்தவர். அவர் காலமான பிறகு பெட்டியை வைத்திருக்கவும் ஆளில்லை, எறியவும் யாருக்கும் மனமில்லை. எங்கள் வீட்டில் இடமிருந்தது, வந்து சேர்ந்தது. மூன்று ஸ்தாயி, 37 கட்டைகள். கட்டை ஒன்றுக்கு இரண்டு நாக்குகள், இரண்டும் ஒரே சுருதிக்கு. அவற்றில் மூன்று கட்டைகள் ஊமை. இன்னொன்று யாரும் தொடாமலே ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. துருத்தியை அசைத்தாலே வீட்டில் யாரோ நோயாளி இருப்பது போலக் கேட்கும். இரண்டு நாள் பொறுத்த அப்பா, மூன்றாம் நாள் பெட்டியைச் சைக்கிளில் கட்டி, என்னையும் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிப் பாலையூற்றுக்குப் புறப்பட்டார்.

பாலையூற்றில் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். எங்களோடு தமிழ் பேசுவார்கள், வீட்டுக்குள் முதியவர்கள் தங்கள் பழைய போர்த்துக்கேய மொழியையும் பேசுவார்கள். மரவேலை, இரும்புவேலை, இயந்திரவேலை என்றால் ஊர் அவர்களைத்தான் தேடிப் போகும். நாங்கள் போனது ஒரு தச்சரிடம். பெயர் வேண்டாம். எனக்கு அவர் கடைசிவரை அங்கிள்தான்.

அங்கிள் பெட்டியின் மேல்மூடியைத் திறந்து, திருகாணிகளைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளிருந்த பலகையை வெளியே உருவினார். பித்தளை நாக்குகள் நெத்தலிக் கருவாட்டை அடுக்கி வைத்ததுபோல வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் அறையப்பட்ட மெல்லிய தகடு. கீழே அதன் அளவுக்கே ஒரு துளை. காற்று அந்தத் துளையால் புகும்போது தகடு துடிக்கிறது, அதுதான் ஸ்வரம். ஊமையாகிப் போன நாக்கில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. முனகிக்கொண்டிருந்த கட்டையின் அடியில் கரப்பான் முட்டை. இரண்டையும் தட்டி வெளியே போட்டார். பிறகு ஒரு சவர பிளேடை நாக்கின் கீழே நுழைத்து, அது மடங்காமல் ஏந்திப் பிடித்துக்கொண்டு, சின்ன அரத்தால் மிகவும் மெதுவாகச் சுரண்டினார். இரண்டு இழுப்பு, வாயால் ஊதிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு.

"சுருதி ஏற வேண்டுமென்றால் நுனியைச் சுரண்டு. இறங்க வேண்டுமென்றால் அடியைச் சுரண்டு. நடுவில் கை வைக்காதே" என்றார். நுனி இலேசானால் நாக்கு விரைவாகத் துடிக்கும், அடி மெலிந்தால் தளர்ந்து மெதுவாகத் துடிக்கும் என்ற கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு நாக்கையும் சரி பார்க்க அவர் சுவரில் மாட்டியிருந்த மெண்டலினை எடுத்து ஒரு கம்பியைத் தட்டினார். அதற்குப் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் மறுபடி அரம்.

"அங்கிள், மெண்டலின் எதற்குச் சரி?" என்று கேட்டேன்.

"எனக்கு" என்றார்.

அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் அப்பாவுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, அவரும் அவருடைய மைத்துனரும் கஃப்ரிஞ்ஞா வாசித்தார்கள். மைத்துனர் கையில் வயலின், இவர் கையில் மெண்டலின், வீட்டுப் பிள்ளை ஒன்று ஒரு சிறு மேளத்தைத் தட்டியது. ஆறு ஆறாக உருண்டு போகும் துள்ளல் தாளம். அவர்களுடைய கலியாண வீடுகளில் விடியவிடிய அதற்குத்தான் ஆடுவார்கள். 17 ஆம் நூற்றாண்டில் கோணேசர் மலையில் கோவிலை இடித்துக் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர். அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் பாட்டு பாலையூற்று முற்றத்தில் என் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் காலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஆர்மோனியத்தை நானாகவே கற்றேன். வெள்ளைக் கட்டைகளை இடமிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் வரும் கறுப்பு ஒன்றரை, இரண்டரை. பாடகருக்கு என்ன கட்டை என்று கேட்கிறோமே, அது இந்தப் பெட்டி தந்த பேச்சு. ஆனால் பெட்டிக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எதுவுமில்லை. நம் இராகங்களோ அந்த நடுவில்தான் வாழ்கின்றன. கமகம் என்பது படிக்கட்டில் ஏறுவது அல்ல, வழுக்கிக்கொண்டு போவது. இந்தக் குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 இலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆர்மோனியத்தை உள்ளே விடாமல் வைத்திருந்தது. அந்தத் தடை எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. வழுக்கத் தெரியாதவனுக்குப் படிக்கட்டாவது வேண்டாமா? எங்கள் கூட்டுப் பிரார்த்தனையில் சுருதி சேராத பத்துத் தொண்டைகளை ஒரு வழிக்குக் கொண்டுவந்தது அந்தப் பெட்டிதான்.

வழுக்கக் கற்றுக்கொள்ளும் ஆசையில்தான் வயலினுக்குப் போனேன். 1986. கச்சேரியில் சேர்ந்து இரண்டு ஆண்டு. முதல் முறையாக என் கையில் கொஞ்சம் சொந்தக் காசு. கொழும்பு போய் ஒரு சீன வயலினை வாங்கி, இரவு மெயில் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மேலே வைத்தால் விழுந்துவிடும் என்ற பயம். கல்லோயாச் சந்தியில் ரயில் நின்றபோது பெட்டியில் இருந்த எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடினேன்.

ஆசிரியை எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்து வந்தார். 25 வயது ஆண்பிள்ளை முதற்பாடமான சரளி வரிசை கேட்டு வந்து நின்றதும் ரீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வேலைக்குப் போகிற பிள்ளை, பயிற்சி செய்ய நேரம் இருக்குமா?" என்று கேட்டார். நேரம்தான் அந்த நாட்களில் எங்களிடம் நிறைய இருந்தது. ஊரடங்கு. ஆறு மணிக்குத் தெரு வெறிச்சோடிவிடும். விளக்கைத் தணித்துவிட்டு எல்லோரும் உள்ளே. புத்தகம் படிக்க வெளிச்சம் போதாது, வயலினுக்கு வெளிச்சம் தேவையில்லை.

சத்தம்தான் தொல்லை. கொடியில் துணி கவ்வுகிற மரக் கவ்வி ஒன்றை எடுத்துக் குதிரையின் மேல் பொருத்துவேன். குதிரை என்றால் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டு. அதைக் கவ்விவிட்டால் அதன் துடிப்பு அடங்கி, ஓசை அறையை விட்டு வெளியே போகாது. கொசு பாடுவதுபோல ஒரு வயலின். ஒழுங்கையில் பூட்ஸ் சத்தம் கேட்டால் வில்லை நிறுத்துவேன். போன பிறகு விட்ட ஸ்வரத்திலிருந்து தொடர்வேன். என் வாசிப்பில் நிற்க வேண்டாத இடங்களில் நிற்கிற ஒரு பழக்கம் இன்றும் உண்டு என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

ரீச்சரின் பாடங்களில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் எல்லோரும் மாயாமாளவகௌளையில்தான் தொடங்குகிறார்கள். புரந்தரதாசர் வைத்த வழி என்பார்கள். ஏன் அந்த இராகம் என்று கேட்டால், 'அது காலைக்கு நல்லது' என்பதுபோல ஏதாவது பதில் வரும். ரீச்சர் பதில் சொல்லவில்லை. என் விரல்களைப் பிடித்து வைத்துக் காட்டினார். நம் முறையில் வயலினின் கம்பிகளை ஷட்ஜம், பஞ்சமம் என்று மாறி மாறிச் சேர்ப்போம். ஸ கம்பியில் முதல் விரலை மிகக் கிட்ட வைத்தால் ரி. ஒரு பெரிய தாவலில் க. அதை ஒட்டியே ம. இப்போது கையை அசைக்காமல், விரல்கள் அப்படியே இருக்க, பக்கத்துப் ப கம்பிக்கு மாறினால், அதே மூன்று இடங்களில் த, நி, மேல் ஸ. ஒரு பாதியின் அச்சு மறுபாதி. கிட்ட, எட்ட, கிட்ட. கிட்ட, எட்ட, கிட்ட. அன்றிரவு கவ்வி பொருத்திய வயலினில் இருட்டில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வழுக்கிக்கொண்டு போவது என்று நான் ஏங்கிக்கொண்டிருந்ததற்கு முன்னால் இப்படி ஒரு உறுதியான தளம் இருக்கிறது என்பதை ஆர்மோனியம் எனக்குக் காட்டியிருக்கவில்லை. கட்டையைத் தேடிக் கொடுப்பது பெட்டியின் வேலை. இங்கே தேடுவது என் விரல்.

பாலையூற்று அங்கிளிடம் வயலினைக் கொண்டுபோய்க் காட்டினேன். நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசித்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்ன தம்பி, அதைப் படுக்கப் போட்டிருக்கிறாய்? சுகமில்லையா?" வாங்கி நின்றபடியே தோளில் வைத்து நாலு கம்பியையும் தன் முறைக்கு முறுக்கினார். ஒரே மரம், ஒரே நாலு கம்பி, ஒரே வில். பத்து நிமிடம் அது கஃப்ரிஞ்ஞா வாத்தியமாக இருந்தது. திருப்பித் தந்தபோது சேர்ப்பதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

போர் மீண்டும் மூண்ட 1990 ஜூன் மாதத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. எங்கள் ஊரார் வீட்டுக்கு வீடு ஒரு கதை வைத்திருக்கிறார்கள், என்னுடையது அவற்றில் சின்னது. கையில் எடுத்தவை: இரண்டு வயதுக் குழந்தை, ஒரு பை, வயலின். ஆர்மோனியத்தைத் தூக்க முடியாது. ஆறு மாதம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஒன்பது குடும்பங்களோடு. அங்கே வயலின் எடுக்க வெட்கமாக இருந்தது. பக்கத்துப் பாயில் இருந்த முதியவர் ஒருவரிடம் ஒரு மூங்கில் குழல் இருந்தது. ஊதச் சொல்லித் தந்தார். எட்டுத் துளைகளில் விரல் வைப்பது பிறகு, முதலில் வெறும் ஓசை வரவேண்டும். மூன்று வாரம் எனக்குத் தலைசுற்றல் மட்டும்தான் வந்தது. நாலாம் வாரம் ஒரு நாள் மத்தியானம், தாமரை இலையில் காற்று படுவதுபோல ஏதோ ஒன்று வந்து உடனே போய்விட்டது. வகுப்பறையின் மூலையில் அழுதுகொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. குழலில் அதற்கு மேல் நான் பெரிதாக முன்னேறவில்லை.

திரும்பி வந்தபோது வீடு நின்றது. ஆர்மோனியமும் நின்றது, வெறும் கூடாக. 74 பித்தளை நாக்குகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பித்தளைக்கு விலை உண்டு. கட்டைகள் மட்டும் அமுக்கினால் மரியாதையாக அமுங்கிக்கொடுத்தன. பெட்டியை அங்கிளிடம் கொண்டுபோனேன். அவருடைய பட்டறையும் பாதிதான் இருந்தது, ஆனால் மெண்டலின் இருந்தது. வேறு இரண்டு உடைந்த பெட்டிகளிலிருந்து நாக்குகளை எடுத்துப் பொருத்தி, ஒவ்வொன்றையும் பழையபடி சுரண்டிச் சுரண்டி மெண்டலினுக்குச் சேர்த்தார். இரண்டு மாதம் எடுத்தது. கூலி கேட்டபோது, கச்சேரியில் தன் காணிக் கடிதம் எந்த மேசையில் தூங்குகிறது என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றார். பார்த்துச் சொன்னேன்.

இடையில் ஒரு பரீட்சையும் எழுதினேன். 35 வயதில், ரீச்சரின் வற்புறுத்தலால். செய்முறைப் பரீட்சைக்குப் பள்ளிக்கூட வாங்கு ஒன்றில் காத்திருந்தேன். இரு பக்கமும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள், தலையில் மல்லிகை. நான் உள்ளே வந்தபோது அவர்களுடைய தாய்மார் பரீட்சகர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். நானும் மாணவன்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்த வேகம் இருக்கிறதே! பரீட்சகர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி சங்கீதத்தைப் பற்றியது அல்ல. "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்டார். சித்தியடைந்தேன், ஆனால் அடுத்த தரத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. அவர்மேல் கோபமில்லை. சங்கீதம் என்றால் பிள்ளைக்குப் பரீட்சை, பரீட்சை என்றால் சான்றிதழ், கடைசியில் அரங்கேற்றம் என்று ஒரே ஒரு பாதையைத்தான் நாங்கள் போட்டு வைத்திருக்கிறோம். அரங்கேற்றம் முடிந்த மறுமாதம் வீணையைத் துணியால் மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்ட எத்தனை வீடுகளை எனக்குத் தெரியும்! பாதையில் போகாமல் வயலோரம் நடந்துகொண்டிருப்பவனைக் கண்டால்தான் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சொல்ல எங்கள் ஊரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் இராவணன். கோணேசர் கோவிலுக்குப் போகிற எல்லோரும் மலை விளிம்பில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்ப்பார்கள். மலையின் கீழ் நசுங்கியவர் தன் நரம்பையே கம்பியாக்கி மீட்டிச் சாமகானம் பாடிச் சிவனைக் குளிர்வித்தார் என்பது கதை. கொடியிலும் வீணை. ஆனால் தொழில் என்ன? அரசாட்சி. எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், அவருக்கும் சங்கீதம் கடமை நேரத்துக்குப் புறம்பான வேலைதான்.

மற்றவர் விபுலாநந்த அடிகள். எங்கள் ஊர் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். விஞ்ஞானம் படித்தவர், துறவி, பள்ளிக்கூடங்களை நடத்தியவர். இத்தனைக்கும் நடுவில், வழக்கொழிந்துபோன யாழ் எப்படி ஒலித்திருக்கும் என்று சிலப்பதிகாரத்தையும் கணக்கையும் வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்காகத் தேடி யாழ் நூலை எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். யாரும் கேட்காத ஒரு வாத்தியத்துக்காக இவ்வளவு பாடு எதற்கு என்று அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

மிருதங்கத்துக்கு என்னை இழுத்தது கிண்ணியாவைச் சேர்ந்த என் அலுவலக நண்பன். அவனுடைய தகப்பனார் றபான் என்ற கைமேளம் அடிப்பவர். நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் உணவு நேரத்துக்குப் பக்கீர்மார் றபான் அடித்துப் பைத் பாடித் தெருவை எழுப்புவதைக் கேட்பதற்காகவே ஒருமுறை அவன் வீட்டில் தங்கினேன். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல்தான். அப்போதெல்லாம் பாதையில்தான் கடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவை. (பார்த்தீர்களா, இன்னொரு சொல்.) திரும்பி வரும்போது பாதையின் கம்பியில் என் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. "மச்சான், கை சும்மா இருக்காது போலிருக்கிறது. தோல் வாத்தியத்தையும் ஒரு கை பார்த்துவிடு" என்றான்.

அப்படித்தான் 45 வயதில் த தி தொம் நம். மாஸ்டருக்கு வயது 24. என்னை அவர் ஐயா என்பார், நான் அவரை மாஸ்டர் என்பேன். இரண்டு பேருக்கும் கூச்சம் தீர ஒரு மாதம் ஆயிற்று. மிருதங்கத்தின் இடது பக்கம் தொப்பி. வாசிக்கும் முன் அதன் நடுவில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்ப வேண்டும், அப்போதுதான் அந்தப் பக்கத்துக்கு அடித்தொண்டைக் குரல் வரும். வாசித்து முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சமையலறையில் ரவைப் போத்தல் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் மனைவி போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "இஞ்சாருங்கோ, இன்றைக்கு உப்புமாவா, தாளமா? ஒன்றைச் சொல்லுங்கோ." அன்று உப்புமா. மிருதங்கத்தில் நான் ஆதி தாளத்தைத் தாண்டிப் பெரிய தூரம் போகவில்லை. ஆனால் கச்சேரி கேட்கப் போனால் முன்பு பாடகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது மிருதங்கக்காரரின் இடது கையைப் பார்க்கிறேன். அந்தக் கை எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம்.

இப்போது சனிக்கிழமை பின்னேரங்கள். எங்களுக்கு ஆறு மணி, ரொறன்ரோவில் இருக்கும் பேத்திக்குக் கோடையில் காலை எட்டரை. வகுப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போன அந்த இரண்டு வயதுக் குழந்தையின் மகள். அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய வயலின் படிக்கிறாள். தொலைபேசித் திரையில் முதன்முதலாக நான் வாசிப்பதைக் கண்டதும் கேட்டாள்: "அம்மப்பா, ஏன் அதைப் படுக்க வைத்திருக்கிறீர்கள்?" எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.

சேர்ந்து வாசிக்க முயன்றோம், முடியவில்லை. ஓசை அங்கே போய்ச் சேர்வதற்குள் தாளம் தப்பிவிடுகிறது. அதனால் அவள் ஒரு வரி வாசித்து நிறுத்துவாள், நான் அதைத் திருப்பி வாசிப்பேன். அவளுடையது ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

போன மாதம் வயலினை வைத்துவிட்டு ஆர்மோனியத்தில் அவளுக்குத் துணை வாசித்தேன். முகத்தைச் சுளித்தாள். அவர்களுடைய இரண்டாவது கம்பியும் என் பெட்டியின் ஆறாம் கட்டையும் ஒரே ஸ்வரம். ஒன்றாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. அம்மாவின் தொலைபேசியை வாங்கி எதையோ திறந்து என் பெட்டிக்கு நேரே பிடித்தாள். "அம்மப்பா, உங்களுடையது 444. எங்களுடையது 440. ரீச்சர் 440 தான் சரி என்றார்." நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்காம், எனக்கு அந்த எண் புதிது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அங்கிள் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மெண்டலின் யாரிடம் போயிற்றோ. அவர் முறுக்கி வைத்த அளவு இந்தப் பெட்டியில் மட்டும் 74 நாக்குகளில் அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை பெட்டியின் மூடியைத் திறந்தேன். பிளேடு, சின்ன அரம், மூக்குக் கண்ணாடி. ஆறாம் கட்டையின் முதல் நாக்கு. இறங்க வேண்டுமென்றால் அடி. இரண்டு இழுப்பு, ஊதிப் பார்ப்பது, இரண்டு இழுப்பு. ஒரு மணி நேரத்தில் 440 க்கு வந்தது. இரண்டாவது நாக்குக்குக் கீழே பிளேடை நுழைத்தேன், பிறகு உருவினேன். மூடியைப் போட்டுக் கட்டையை அமுக்கிப் பார்த்தேன். ஒரு நாக்கு புதுச் சுருதி, ஒரு நாக்கு பழைய மெண்டலின். இரண்டும் ஒன்றோடொன்று முட்டி நொடிக்கு நாலு தரம் அலை அலையாக நடுங்கியது.

அடுத்த சனிக்கிழமை பேத்தி அதைக் கேட்டுவிட்டு, "இன்னொருமுறை அமுக்குங்கோ" என்றாள். நடுக்கத்தை விரல் விட்டு எண்ணினாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் முதலில் அதைத்தான் கேட்டாள். பிளேடு இன்னும் பெட்டியின் மேலேயே கிடக்கிறது. துடைத்து வைக்க வேண்டும், உப்புக் காற்றில் துருவேறத் தொடங்கிவிட்டது.